மைசூர்ப் பருப்பின் பங்காளிகள்

தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் துவரம்பருப்புக்குப் பதிலாக 'கனடா மஞ்சள் பருப்பு' கொடுத்த காலம் பலருக்கு நினைவிருக்கும். சாம்பாரில் துவரை மாதிரி வராது என்று முணுமுணுத்துக்கொண்டேதான் வாங்கினோம். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ சும்மா 'பருப்பு' என்று கேட்டால் கடைக்காரர் ஆரஞ்சு நிற மைசூர்ப் பருப்பைத்தான் எடுத்துத் தருவார். இந்த மஞ்சளும் அந்த ஆரஞ்சும் ஒரே இனம்: லென்ஸ் குலினாரிஸ். தோலுக்குள்ளே இருக்கும் பருப்பு ஆரஞ்சா மஞ்சளா என்பதைப் பெரும்பாலும் ஒரே ஒரு மரபணு தீர்மானிக்கிறது. ஆரஞ்சு ஓங்கு பண்பு, மஞ்சள் ஒடுங்கு பண்பு.

நிறம் இவ்வளவு சுலபம். வம்சாவளி அவ்வளவு சுலபம் இல்லை.

தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பை மாடித் தொட்டியில் போட்டுப் பார்த்திருக்கிறேன். மார்கழியில் நன்றாகவே முளைத்தது. நூல் மாதிரித் தண்டு, சின்னச் சின்ன இலைகள், நுனியில் பற்றுக்கம்பி. இரண்டு மூன்று பூக்கள் வந்தன, வெள்ளையில் லேசாக நீலம் ஓடியவை. மாசி வெயில் ஏறியதும் காய்ந்துவிட்டது. அது குளிர்காலப் பயிர். மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், பிகார், மேற்கு வங்கம் என்று வடக்கேதான் அதற்கு வயல். இவ்வளவு மெலிந்த செடி பத்தாயிரம் ஆண்டாக மனிதனோடு ஒட்டிக்கொண்டு எப்படிப் பிழைத்தது என்று அப்போது தேட ஆரம்பித்தேன். தேடல் அதன் சொந்தபந்தங்களில் போய் நின்றது.

லென்ஸ் என்கிற இந்தக் குடும்பம் சின்னது. பயிரிடப்படுவது ஒன்று, காட்டு வகைகள் ஆறு, ஆக ஏழு பேர். ஏழுக்கும் 14 குரோமோசோம்கள். நேர் மூதாதை ஓரியன்டாலிஸ். துருக்கி, சிரியாவிலிருந்து மத்திய ஆசியா வரை கல் சரிவுகளில் தரையோடு படர்ந்து வளரும் குட்டைச் செடி அது. மற்றவர்கள் டோமென்டோசஸ், ஒடெமென்சிஸ், லமோட்டேய், எர்வாய்டிஸ், நிக்ரிகன்ஸ். காய் ரோமமுள்ளதா, இலையடிச் செதில் எப்படி நிற்கிறது என்பது போன்ற நுணுக்கங்களை வைத்துத்தான் இவற்றைப் பிரிக்கிறார்கள். காட்டில் பார்த்தால் ஆடு மேய்ப்பவருக்கு எல்லாம் ஒரே களைதான்.

இவர்களில் யார் யாருக்கு எவ்வளவு நெருக்கம் என்பதில் தாவரவியலாளர்கள் பல ஆண்டுகள் மல்லுக்கட்டினார்கள். 2000இல் வந்த வகைப்பாடு ஒன்று, பயிர், ஓரியன்டாலிஸ், டோமென்டோசஸ், ஒடெமென்சிஸ் நான்கையும் ஒரே இனத்தின் துணையினங்களாக வைத்தது. 2015இல் மரபணுத் தொகுதியின் ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளைப் படித்து ஒப்பிட்ட ஆய்வு அதைக் கொஞ்சம் மாற்றி நான்கு வட்டங்களாகப் போட்டது. முதல் வட்டத்தில் பயிர், ஓரியன்டாலிஸ், டோமென்டோசஸ். இரண்டாவதில் ஒடெமென்சிஸ், லமோட்டேய். மூன்றாவதில் எர்வாய்டிஸ் தனியாக. நான்காவதில், எல்லோரையும் விட்டு ஒதுங்கி நிக்ரிகன்ஸ்.

துண்டு துண்டாகப் படித்ததற்குக் காரணம் உண்டு. மனிதனின் மரபணுத் தொகுதி சுமார் 300 கோடி எழுத்து என்றால், இந்தச் சின்னப் பருப்புக்குச் சுமார் 400 கோடி. அதிலும் பெரும்பகுதி ஒன்றையே திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதிகள். முழுதாகப் படித்து அடுக்குவது பெரும்பாடு. கனடாவின் சஸ்காச்சவன் பல்கலைக்கழகத்தில் கிர்ஸ்டின் பெட் தலைமையிலான குழு 'சிடிசி ரெட்பெர்ரி' என்ற ரகத்தை வைத்து அந்த வேலையைச் செய்தது. கூடவே எர்வாய்டிஸ் ஒன்றையும் படித்தார்கள். அத்தனை காட்டு வகைகள் இருக்க ஏன் எர்வாய்டிஸ் என்பது பின்னால் புரியும்.

நெருக்கத்தை அளக்க மரபணு வாசிப்புக்கு முன்பே ஒரு வழி இருந்தது: கலந்து பார்ப்பது. பிள்ளை பிறக்கிறதா, பிறந்த பிள்ளைக்குப் பிள்ளை பிறக்கிறதா? நம் ஊர்க் கணக்குக்கு இது நேர்மாறு. நம்மிடம் பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது, செடிக்கோ பங்காளியிடம்தான் சம்பந்தமே அமையும். எருசலேமின் எபிரேயப் பல்கலைக்கழகத்தில் கிடியன் லடிசின்ஸ்கி இதைப் பல ஆண்டுகள் பொறுமையாகச் செய்தார். இது பொறுமை கேட்கும் வேலை. பூ விரிவதற்கு முன்பே உள்ளுக்குள் தன் மகரந்தத்தாலேயே சூல்கொண்டுவிடும். அதற்கு முன் மொட்டைப் பிரித்து, மகரந்தப் பைகளை இடுக்கியால் எடுத்துவிட்டு, வேற்றுப் பூவின் மகரந்தத்தைத் தடவ வேண்டும். மொட்டோ சில மில்லிமீட்டர்தான்.

அவர் கண்டதில் எனக்குப் பிடித்தது இது: ஓரியன்டாலிஸ் எல்லாமே நெருங்கிய சொந்தம் இல்லை. பெரும்பாலானவை பயிரோடு சுலபமாகக் கலந்தன. ஆனால் அதே இனத்தைச் சேர்ந்த வேறு சில செடிகளோடு கலந்தால் கரு சிதைந்தது, அல்லது பச்சையமே இல்லாத வெளிறிய நாற்று வந்து செத்தது. வெளியிலிருந்து பார்க்க ஒரே இனம், உள்ளுக்குள் பிரிவினை நடந்து முடிந்திருக்கிறது. பயிரோடு எந்தத் தடையும் இல்லாமல் கலப்பது எது, குரோமோசோம் அமைப்பு ஒத்துப்போவது எது, பசுங்கணிக மரபணு பொருந்துவது எது என்று வடிகட்டிக்கொண்டே போனால், மூதாதையின் ஊர் துருக்கி, வடக்கு சிரியா பக்கம் என்று சுருங்கும். தாவரவியலாளர் டேனியல் ஜொஹாரி 1972இலேயே உருவ ஒற்றுமையை வைத்து ஓரியன்டாலிஸ்தான் மூதாதை என்று எழுதியிருந்தார்.

இந்த இருவருக்கும் வேறொரு விஷயத்தில் ஒரு நல்ல சண்டை நடந்தது.

காட்டுச் செடியின் காய் முற்றியதும் முறுக்கி வெடித்து விதையைச் சிதறிவிடும். பயிரில் காய் வெடிக்காது. அந்த மாற்றம் ஒரே மரபணுவின் வேலை. கோதுமைக்கும் இதே மாதிரி கதை உண்டு. பருப்புக்கு மட்டும் இன்னொரு தலைவலி: விதை உறக்கம். காட்டு விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. ஒரு பருவத்தில் பத்தில் ஒன்றுதான் முளைக்கும், மற்றவை மண்ணிலேயே கிடக்கும். ஒரு செடி தருவதோ பத்து விதை அளவில். லடிசின்ஸ்கி கணக்குப் போட்டார். நூறு விதை விதைத்தால் பத்துச் செடி, பத்துச் செடியிலிருந்து நூறு விதை. விதைத்ததுதான் திரும்பி வருகிறது. இப்படி ஒரு வேளாண்மையை எந்த முட்டாள் தொடங்குவான்? ஆகவே மக்கள் காட்டில் பறித்துக்கொண்டிருந்த காலத்திலேயே உறக்கமற்ற மாறுபாடு பரவியிருக்க வேண்டும், விதைப்பு அதற்குப் பிறகுதான் என்றார். ஜொஹாரி ஒப்புக்கொள்ளவில்லை. விதைப்பதே உறக்கத்தை நீக்கும் வடிகட்டி: முளைக்காதது அறுவடைக்கு வராது, வருவது எல்லாம் முளைத்ததின் பிள்ளைகள். தானியங்களுக்கு நடந்ததுதான் பருப்புக்கும் என்பது அவர் கட்சி.

எனக்கு லடிசின்ஸ்கியின் கணக்கு அழகாகத் தெரிகிறது, ஆனால் ஜொஹாரி பக்கம்தான் சாய்கிறேன். மனிதர்கள் முதல் வருஷ லாபத்தைப் பார்த்துத்தான் எதையும் தொடங்கினார்கள் என்று ஏன் நினைக்க வேண்டும்? அகழாய்வு இரண்டு பேருக்கும் முழுதாகச் சாதகமாக இல்லை. இஸ்ரேலின் கீழ் கலிலேயாவில் இஃப்தாஹேல் என்ற இடத்தில், மட்பாண்டம் வருவதற்கு முந்தைய புதிய கற்காலத்து வீடொன்றில், கரிந்த மைசூர்ப் பருப்பு சுமார் 14 லட்சம் விதைகள் கிடைத்தன. கூடவே வயல் களை ஒன்றின் விதைகளும். காட்டில் பறித்துச் சேர்க்கிற அளவு இல்லை இது, விளைவித்தது. ஆனால் உறக்கம் எப்போது போனது என்பதைக் கரிக்கட்டையைப் பார்த்துச் சொல்ல முடியாது.

சரி, மேற்கு ஆசியாவில் தொடங்கியது நம் பக்கம் எப்படி வந்தது? இந்தக் கேள்விக்குப் போவதற்கு முன் சோவியத் தாவரவியலாளர் எலெனா பாருலினாவைச் சொல்லியாக வேண்டும். 1930இல் உலகத்து மைசூர்ப் பருப்புகளை எல்லாம் பரப்பி வைத்து ஒரு பெரிய ஆய்வு நூல் வெளியிட்டார். பெரிய விதை, சிறிய விதை என்று இரண்டாகப் பிரித்து, சிறிய விதைக்காரர்களை ஊர்வாரியாக ஆறு கூட்டங்களாக்கினார். நுண்ணோக்கியும் கண்ணும்தான் கருவி. இந்தியத் துணைக்கண்டத்துக் கூட்டத்துக்கு அவர் வைத்த பெயர் 'பிலோசே', அதாவது ரோமமுள்ளவை. இந்த ரோமமும், புல்லிவட்டத்தின் குட்டையான பற்களும் சேர்ந்து வேறெங்கும் கிடைக்காது என்று கவனித்தார். ஒரு கூட்டம் முழுக்க ஒரே மாதிரி இருக்கிறது என்றால், அது சிறு எண்ணிக்கையிலான முன்னோர்களிடமிருந்து வந்திருக்கிறது என்று பொருள். பாருலினாவின் அட்டவணையில் அந்தச் செய்தி அப்போதே இருந்தது.

இந்தப் பெண்மணியின் கணவர் நிக்கோலாய் வவிலோவ். பயிர்களின் பிறப்பிடங்களைத் தேடி உலகைச் சுற்றியவர், லெனின்கிராடு விதை வங்கியை வளர்த்தவர். 1940இல் கைது செய்யப்பட்டு, 1943 ஜனவரியில் சரடோவ் சிறையில் இறந்தார். போரின்போது பாருலினாவும் மகனோடு சரடோவில்தான் இருந்தார். கணவர் அதே ஊர்ச் சிறையில் இருப்பது தெரியாமல் மாஸ்கோவுக்கு உணவுப் பொட்டலங்கள் அனுப்பிக்கொண்டிருந்தார். வவிலோவைப் பற்றி எழுதுகிறவர்கள் பாருலினாவை மனைவி என்ற ஒற்றைச் சொல்லில் தாண்டிப்போவது எனக்கு உறுத்துகிறது. இன்றைக்கும் மைசூர்ப் பருப்பின் பன்மையைப் பற்றிப் பேசுகிற எவரும் அவர் வகுத்த பெயர்களில் ஒன்றையாவது சொல்லாமல் நகர முடிவதில்லை.

இப்போது நம் பக்கம். சுமார் 4,000 ஆண்டுகளுக்கு முன் ஆப்கானிஸ்தான் வழியாக இந்தப் பயிர் சிந்து, கங்கைச் சமவெளிக்கு இறங்கியது. இறங்கும்போது மாட்டிக்கொண்டது பகல் நீளத்தில். மேற்கு ஆசியச் செடிக்குப் பூக்க நீண்ட பகல் வேண்டும், அதாவது வசந்தம் முற்ற வேண்டும். கங்கைச் சமவெளியில் அதற்குக் காத்திருந்தால் வெயில் வந்து கருக்கிவிடும். குறுகிய பகலிலும் சட்டென்று பூக்கிற ஒரு சில செடிகள் மட்டும் பிழைத்தன. அந்தச் சிலவற்றின் வம்சம்தான் பிலோசே. இந்தியா, வங்கதேசம், நேபாளம் என்று லட்சக்கணக்கான ஹெக்டேரில் விளைவதற்கெல்லாம் அஸ்திவாரம் அந்த ஒரு கைப்பிடி.

இதன் விளைவை 1990களில் வில்லியம் எர்ஸ்கின் முதலான பயிர் ஆய்வாளர்கள் தெளிவாகக் காட்டினார்கள். மேற்கு ஆசிய ரகங்களை டெல்லியில் விதைத்தால், உள்ளூர் ரகம் முற்றிக் காயும்போதுதான் அவை பூக்கத் தொடங்கும். இரண்டும் ஒரே வயலில் நின்றாலும் சந்திக்கவே முடியாது. மலையோ கடலோ இல்லை, தேதிதான் சுவர். ஆயிரக்கணக்கான வருஷம் புது ரத்தம் உள்ளே வராததற்கு இதுவே போதும். துரு நோய், ஸ்டெம்ஃபிலியம் கருகல் என்று ஏதாவது வந்தால் எதிர்த்து நிற்கும் மரபணுவைத் தேடிப் போக வீட்டுக்குள் ஆள் கிடையாது.

காட்டு வகைகளைப் பற்றிப் படிக்கிறவர்களுக்கு ஒரு மயக்கம் வரும்: தீர்வு எல்லாம் காட்டில் இருக்கிறது என்று. எனக்கும் அந்தக் கதை பிடிக்கும். ஆனால் தெற்காசியாவின் அடைப்பைத் திறந்ததில் பெரும்பங்கு காட்டுச் செடிக்கு இல்லை. அர்ஜென்டினாவிலிருந்து வந்த 'பிரெகோஸ்' என்ற சாதாரணப் பயிர் ரகத்துக்கு. பெரிய விதை, ஆனால் சீக்கிரம் பூக்கும். உள்ளூர் ரகத்தோடு ஒரே நேரத்தில் பூத்ததால் கலப்புக்குச் சிக்கியது, அதன் வழியே பெரிய விதைக் கூட்டத்தின் மரபணுக்கள் முதன்முறையாகத் தாராளமாக உள்ளே வந்தன. அதன் சீக்கிரத்துக்குக் காரணமான மரபணுவை 2012இல் தாஸ்மேனியப் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் வெல்லர் குழு அடையாளம் கண்டது. செடியின் உள்கடிகாரத்தில் வேலை செய்யும் 'ஈஎல்எஃப்3' அது. பட்டாணியையும் குறுகிய பகலில் பூக்கவைத்தது அதே மரபணுவின் பழுதுதான். பட்டாணி, பருப்பு இரண்டும் தனித்தனியாக ஒரே பூட்டை உடைத்து வெளியே வந்திருக்கின்றன.

2016இல் 54 நாடுகளின் 352 விதைமாதிரிகளை ஒப்பிட்ட ஆய்வு இதே படத்தைத்தான் மறுபடி வரைந்தது. பயிர் மூன்று பெருங்கூட்டமாகப் பிரிந்தது: தெற்காசியா, மத்தியதரைக் கடல் பகுதி, வடக்கின் மிதக்குளிர் நாடுகள். பிரித்தது தட்பவெப்பமும் பூக்கும் நேரமும். வட இந்தியாவில் நெல் அறுக்கும் முன்பே ஈர வயலில் பருப்பைத் தூவிவிடும் வழக்கம் உண்டு, 'உதேரா' என்பார்கள். தஞ்சைப் பக்கத்துக்காரர்களுக்குத் தரிசு உளுந்து தெரியும், அதே சங்கதி. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரத்துக்குள் ஓட்டத்தை முடிக்க வேண்டிய இந்த நிலங்களில் பத்து நாள் சீக்கிரம் முற்றுவது பெரிய விஷயம். அங்கே பிலோசேயின் அவசர புத்திதான் சொத்து. குறுகிய வம்சம் என்பதற்காக அதைத் தரம் தாழ்ந்தது என்று நினைக்க வேண்டாம்.

அப்படியானால் காட்டு வகைகள் எதற்கு? இங்கேதான் எர்வாய்டிஸ். கனடாவில் 1970களுக்கு முன் மைசூர்ப் பருப்பு சொல்லிக்கொள்ளும் பயிரே இல்லை. கோதுமை தேங்கிக் கிடந்த காலத்தில் மாற்றுப் பயிர் தேடினார்கள். 1972இல் சஸ்காச்சவனுக்கு வந்த ஆல் ஸ்லிங்கார்ட் 1978இல் 'லெயர்ட்' என்ற ரகத்தை வெளியிட்டார். பச்சைத் தோல், உள்ளே மஞ்சள். சில பத்தாண்டுகளில் உலகின் முதல் ஏற்றுமதியாளர் கனடா. 1987இல் பக்கத்து மானிடோபா மாகாணத்தில் ஆந்த்ரக்னோஸ் பூஞ்சை நோய் தலைகாட்டியது. இந்தப் பூஞ்சையில் இரண்டு குலங்கள். ஒன்றுக்குப் பயிர் ரகங்களிலேயே எதிர்ப்பு கிடைத்தது. வீரியம் கூடிய மற்றொன்றுக்குப் பயிரில் போதுமான எதிர்ப்பு இல்லை. கிடைத்தது மூன்றாவது வட்டத்து எர்வாய்டிஸில்.

நேராகக் கலந்தால் கரு இரண்டு வாரத்துக்குள் சிதைந்துவிடும். ஆகவே காயை அறுத்து, சாகும் முன் அந்தக் கருவை எடுத்து, சத்துக் கூழில் வைத்து வளர்த்து, கண்ணாடிக் குழாயிலிருந்து மண்ணுக்கு மாற்றுகிறார்கள். பிழைத்த பிள்ளைகளைப் பயிரோடு மறுபடி கலந்து, காட்டுத்தனத்தைக் கழித்து, எதிர்ப்பை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். கூடவே காய் வெடிப்பும் பொடி விதையும் ஒட்டிக்கொண்டு வரும். தலைமுறை தலைமுறையாகத் தட்டிக் கழிக்க வேண்டும். நெருங்கிய சொந்தத்திடம் நம்மிடம் இருப்பதே இருக்கிறது, இல்லாததை வைத்திருப்பவர் தூரத்தில் இருக்கிறார், அவரோடு சம்பந்தம் அமைவது கஷ்டம். வட்டங்களை வரைந்ததன் நடைமுறைப் பயன் இந்த இழுபறியை முன்கூட்டியே தெரிந்துகொள்வதுதான்.

வட்டங்களுக்கு வெளியேயும் ஒரு சொந்தம் உண்டு, கொஞ்சம் விவகாரமான சொந்தம். விசியா என்ற வெட்ச் குடும்பம், கால்நடைத் தீவனமாகும் கொடிகள். மரபணு மரத்தில் லென்ஸ் அந்தக் குடும்பத்துக்கு நடுவே முளைத்த ஒரு கிளைதான். வெட்ச் விதை இயல்பில் உருண்டை. பருப்பு வயலில் களையாக நிற்கும்போது, சலிக்கையில் தனியாகப் பிரிந்துவிடும். ஆனால் தட்டையான விதை கொண்ட ஒரு மாறுபாடு வந்தால் சல்லடையை ஏமாற்றி, அடுத்த வருஷம் பருப்போடு சேர்ந்து விதைக்கப்படும். விவசாயி தன் கையாலேயே போலியைத் தேர்ந்தெடுத்து வளர்க்கிறார். ஐரோப்பாவில் இப்படி நிஜமாகவே நடந்தது.

அதன் வணிக வடிவம் 1990களில் வந்தது. ஆஸ்திரேலியாவில் கால்நடைத் தீவனமாக விளைந்த 'பிளான்ஷ்ஃபிளார்' என்ற வெட்ச் ரகத்தின் பருப்பு உள்ளே ஆரஞ்சு. தோல் நீக்கி உடைத்தால் மைசூர்ப் பருப்பென்றே தோன்றும், விலையும் குறைவு. அது ஆசியச் சந்தைகளுக்கு மைசூர்ப் பருப்பு என்ற பெயரில் போனது. வெட்சில் நரம்பைத் தாக்கும் சயனோஅலனின் நச்சு உண்டு. அடிலெய்டில் மேக்ஸ் டேட் என்ற வேதியியலாளர் 1992இல் இதை வெளிப்படையாக எழுதி எச்சரித்தார். பிறகு சில நாடுகள் இறக்குமதியைத் தடுத்தன. தினமும் பருப்பு சாப்பிடும் ஏழை வீடுகள்தான் இதில் இலக்கு என்பதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது.

இத்தனை பேரின் விதைகளும் எங்கே இருக்கின்றன? உலகின் மிகப் பெரிய மைசூர்ப் பருப்புச் சேமிப்பு, காட்டு வகைகள் உட்பட, இக்கார்டா என்ற சர்வதேச ஆய்வு மையத்திடம் இருந்தது. இடம் சிரியாவில் அலெப்போவுக்குத் தெற்கே டெல் ஹத்யா. போர் வந்ததும் ஆட்கள் வெளியேற வேண்டியதாயிற்று. நல்லவேளையாக நகல்களை நார்வேயின் ஸ்வால்பார்டு விதைப் பெட்டகத்துக்கு முன்பே அனுப்பியிருந்தார்கள். 2015இல் அங்கிருந்து விதைகளைத் திரும்ப எடுத்தார்கள். அந்தப் பெட்டகத்திலிருந்து யாரும் எடுத்தது அதுவே முதல் தடவை. லெபனானின் பெக்கா சமவெளியிலும் மொராக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் ஒரு பங்கை மறுபடி ஸ்வால்பார்டில் வைத்தார்கள்.

காட்டுச் செடிகளைப் பெருக்குவது பயிரைப் பெருக்குவது போல் இல்லை. காய் வெடிப்பதற்குள் பறிக்க வேண்டும், உறங்கும் விதையின் தோலைக் கீறி எழுப்ப வேண்டும். பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய தலைவலி விதை வங்கி ஊழியருக்கு அப்படியே மிச்சம்.

பயிர் ரகங்களும் இதே மாதிரி தொலைவதுண்டு. தெற்கு ஜெர்மனியின் 'சுவேபிய ஆல்ப்' கல்மேட்டில் மைசூர்ப் பருப்பு பழைய பயிர். 1960களில் விளைச்சல் நின்றுபோய், உள்ளூர் ரகங்கள் காணாமல் போயின. 1980களில் வோல்டெமார் மம்மல் என்ற விவசாயி மறுபடி தொடங்கியபோது உள்ளூர் விதை கிடைக்கவில்லை, பிரான்சின் பச்சைப் பருப்பை வைத்து ஓட்டினார். 2006இல் பழைய இரண்டு 'ஆல்ப்' ரகங்களும் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் (பழைய லெனின்கிராடு) வவிலோவ் பெயர் தாங்கிய நிலையத்தின் சேமிப்பில் இருப்பது தெரியவந்தது. கொஞ்சம் விதையை வாங்கி வந்து, வருஷா வருஷம் பெருக்கி, இப்போது விற்பனைக்கே விளைகிறது. பிரெஞ்சுப் பச்சையையும் அவர்கள் கைவிடவில்லை. அதையும் பக்கத்திலேயே விதைக்கிறார்கள்.